பதில் எழுதாத சீட்டு

அகராதி ஆபீசில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். கேட்கிற வெளியாள், ஏதோ சீட்டாடுகிற பெண்பிள்ளை போலிருக்கிறது என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் கையில் இருந்த சீட்டு வேறு. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டின கெட்டித் தாள். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தமோ அத்தனை சீட்டு. ஆங்கிலத்திலிருந்து போர்த்துகீசியத்துக்கு ஒரு பெரிய அகராதி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சேர்ந்தபோது 'ஏ' எழுத்து. பத்தொன்பது வருஷம் கழித்து இருபதாவது எழுத்தான 'டீ'க்கு வந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஓர் எழுத்து. வேலை நடந்த லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் ஒன்றும் படித்துக் கிழித்து அந்த வேலைக்கு வந்தவள் இல்லை. கீழ் மாடியில் அச்சுக்கூடம். அங்கே தாள் மடிப்பவளாக இருந்தாள். வாக்கப்பட்டது ஒரு கப்பல் சமையல்காரருக்கு. பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். அந்தக் கப்பலில் எல்லாரும் போர்த்துகீசியம் பேசுகிற ஆட்கள். மனுஷன் வீட்டுக்கு வந்தாலும் கோபம் வந்தால் அந்த மொழியில்தான் திட்டுவார். திட்டு புரியாவிட்டால் பதிலுக்குத் திட்ட முடியாதே! அதற்காகவே கற்றுக்கொண்டாள். திட்டு வாங்கியே ஒரு மொழியைப் படித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிறகு அவர் ஒவ்வொரு தடவை வரும்போதும் திட்டு குறைந்து பேச்சு கூடியது. குழந்தை குட்டி இல்லாத வீடு, இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள். மேல் மாடிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஒரு நாள் படியேறிப் போய் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டது கத்திரியம்மா. அதுவும் பட்டப்பெயர்தான். அகராதிக்குத் தலைமை அந்த அம்மாள். பிடிக்காத சீட்டை மேசை மேலேயே நாலாக வெட்டிக் கூடையில் போடுவாள். எழுதினவர் கண்ணில் தண்ணீர் வந்தாலும் கவலைப்பட மாட்டாள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. காதால் கேட்டதை எழுது, மண்டையால் யோசித்ததை எழுதாதே. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். அது யாரோ ஒருத்தர் வாழ்க்கையில் நிஜமாகச் சொன்ன வாக்கியமாக இருக்க வேண்டும். சொன்னவர் யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று நடு வரியில் எழுத வேண்டும். வாயைப் பிடுங்கி வாங்கின வாக்கியம் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலே, சீட்டின் கடைசி வரியில் பதில். அந்த வாக்கியத்துக்குக் கேட்டவர் என்ன பதில் சொன்னாரோ அது.

"ஒரு வார்த்தைக்குப் பத்து அர்த்தம் இருக்கும். சொன்னவன் எந்த அர்த்தத்துல சொன்னான்னு வாக்கியத்துல தெரியாது. பதில்லதான் தெரியும்" என்பாள். "பதில் இல்லாத சீட்டு என் மேசைக்கு வரக்கூடாது."

பதினெட்டு வருஷம் சீட்டக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் சில்லறைச் சொற்கள். எறும்பு, வாளி, நாற்காலி. பெரிய சொல் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு. பத்தொன்பதாவது வருஷம் அதில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் விட்டுப்போன சொல் இவள் மடியில் விழுந்தது. 'டேக்'.

ஆங்கிலத்துக்காரன் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்துகிறான். மாத்திரை சாப்பிட்டால் டேக். பஸ் பிடித்தால் டேக். போட்டோ எடுத்தாலும், வலியைப் பொறுத்தாலும், நேரம் பிடித்தாலும், கொடுத்ததை வாங்கிக்கொண்டாலும், கொடுக்காததைத் தூக்கிக்கொண்டு போனாலும் டேக். சிரிக்காதீர்கள், நம்மிடம் 'போடு' இல்லையா? சட்டை போடு, பூட்டுப் போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு. அந்த மாதிரி. ஆனால் போர்த்துகீசியத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். மருந்துக்குத் தொமார். பஸ்ஸுக்குப் பெகார். போட்டோவுக்கும் கழற்றுவதற்கும் திரார். பொறுப்பதற்கு அகுவென்தார். நேரம் பிடிப்பதற்குத் தெமோரார். ஒருத்தரை ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு லெவார். மொத்தம் ஐம்பத்தெட்டு அர்த்தம் என்று கத்திரியம்மா கணக்குக் கொடுத்தாள். ஐம்பத்தெட்டுச் சீட்டு, ஒரு வருஷக் கெடு, அதன் கடைசி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும். முடிக்காவிட்டால் சொல் வேறு ஆளுக்குப் போய்விடும், முன்பக்கப் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. முடித்தால் அவள் பெயர் முன்பக்கத்தில். வாக்கியம் சொன்னவர்கள் பெயரெல்லாம் பின்பக்கத்தில். வீட்டுக்காரர் வாக்கியம் சொன்னால் அவருடைய பெயரும் வரும்.

அன்று வீட்டுக்கு ஓடிவந்து, "என்னங்க, நம்ம ரெண்டு பேர் பேரும் ஒரே புஸ்தகத்துல!" என்று கத்தினாள். அவர் அப்போதுதான் கடல் வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்து நாலு மாதம். தலைவலி என்று படுத்திருந்தார்.

அந்தத் தலைவலி தலைவலி இல்லை. மண்டைக்குள் ஒரு கட்டி. கத்தி வைக்க முடியாத இடம் என்று சொல்லிவிட்டார்கள். போகப் போகப் பேச்சு போகும், நடை போகும், எது முன்னாடி எது பின்னாடி என்று எங்களுக்கே தெரியாது என்றார் டாக்டர். முதலில் போனது வீட்டு மொழி. ஒரு நாள் காலையில் சீப்பைக் கேட்டவர் போர்த்துகீசியத்தில் கேட்டார். அவருடைய அக்கா அந்த வீட்டிலேயே இருப்பவள், கல்யாணம் ஆகாதவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள். "காலங்காத்தால என்னடா விளையாட்டு?" என்று சிரித்தாள். விளையாட்டு இல்லை. அம்மா சொல்லிக் கொடுத்த மொழி அத்தனையும் அழிந்து, கப்பலில் கற்றது மட்டும் மிஞ்சியிருந்தது. அக்கா என்கிற சொல்கூட வரவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பார், உதட்டைக் கூட்டுவார், ஒன்றும் வராது. கண்ணில் நீர் வரும்.

"அக்கான்னு ஒரே ஒரு தரம் சொல்லுடா. வேற ஒண்ணும் கேக்கல" என்று அவள் கட்டில் காலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

ஆகவே வீட்டில் அவர் பேச்சு புரிந்த ஒரே ஆள் சீட்டக்கா. நாத்தனார் நாளைக்கு நாற்பது தரம் கேட்பாள்: "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" இவள் சொல்லுவாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் கை தானாகச் சீட்டைத் தேடும். சேலை மடிப்பில் சீட்டு, காதுக்கு மேலே பென்சில். அதை நான் குற்றமாகச் சொல்ல வரவில்லை. குளிப்பாட்டுவது அவள், சவரம் பண்ணுவது அவள், மலம் அள்ளுவது அவள். ஆபீசில் அனுமதி வாங்கி வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் பென்சில். செருப்புப் பெட்டி ஒன்றில் சீட்டுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

மருந்துச் சீட்டு சுலபமாக வந்தது. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். "ஜா தொமேய்" என்றார், சாப்பிட்டாச்சு என்று. கடைசி வரியில் பதில்: 'பொய். தலையணைக்கு அடியில் இருக்கிறது.' கத்திரியம்மாவே அதைப் படித்துச் சிரித்தாளாம். கழற்றுகிற சீட்டு சவரம் பண்ணும்போது வந்தது. நேரம் பிடிக்கிற சீட்டு டாக்டர் வீட்டுக்கு வந்த அன்று. அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்து, "தெமோரா முயிந்தோ?" என்றார். இன்னும் ரொம்ப நேரம் எடுக்குமா என்று. எதற்கு என்று கேட்கவே வேண்டாம், அவர் கண்ணிலேயே இருந்தது. "என்ன கேக்குறார்?" என்றார் டாக்டர். "எப்போ நடக்கலாம்னு கேக்குறார்" என்றாள் இவள். "கொஞ்ச நாள் ஆகும்." அதுதான் பதில் வரி.

பொறுப்பதற்கான சீட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வலி தாங்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "நாவ்ன் அகுவேன்தோ மாய்ஸ்" என்று கத்தினார். இனி என்னால் முடியாது என்று. இவள் ஓடிப்போய் நெற்றியைத் தடவினாள், "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள், மாத்திரை கொடுத்தாள். எல்லாம் செய்தாள். ஆனால் அந்த வாக்கியம் காதில் விழுந்த முதல் நொடியில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தொன்றாம் எண் கிடைத்துவிட்டது! சொல்லவே நா கூசுகிறது. ஆனாலும் இருந்தது. அன்று முழுக்க அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்படியாக ஐம்பத்தேழு சீட்டு முடிந்தது. முடியாதது ஒன்றே ஒன்று. வேடிக்கை என்னவென்றால் அது ஒன்றாம் எண். எல்லாவற்றிலும் எளிய அர்த்தம். ஒருத்தரை ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது. லெவார். படுத்த படுக்கையாக இருக்கிறவர் எங்கே போகப்போகிறார்? என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று அவர் யாரிடம் கேட்பார்? அவர் பேச்சில் அந்தச் சொல் தலைகாட்டவே இல்லை. வேறு போர்த்துகீசியக்காரரைத் தேடிப் போகவும் அவளுக்கு நேரமில்லை. சவரம் பண்ணிக்கொண்டே அவரிடம் ஒரு நாள் புலம்பினாள்: "எல்லாம் குடுத்துட்டீங்க. இந்த லெவார் மட்டும் வரமாட்டேங்குது. ஒண்ணாம் நம்பரே காலி." சோப்பு நுரைக்குள்ளிருந்து அவர் சிரித்தார். சிரிப்பு அவருக்கு அப்போது இன்னும் இருந்தது.

நாள் நெருங்க நெருங்க அவளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வாயைப் பிடுங்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் வாய்ப்புக் கொடுக்கலாம் இல்லையா, என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் வந்து நிற்பாள். "நான் வெளிய கெளம்புறேன்" என்பாள், அவர் மொழியில். நானும் வருகிறேன், என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்ல மாட்டாரா என்று காத்து நிற்பாள். அவர் கையை ஆட்டி, "வாய், வாய்" என்பார். அந்த மொழியில் 'போ' என்று அர்த்தம். நாத்தனார் பதறிப்போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வந்து தம்பியின் வாயைத் துடைத்துவிடுவாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத வீடு அது.

மூன்றாவது நாளும் செருப்போடு வந்து நின்றபோது நாத்தனாருக்கு விளங்கிவிட்டது. படிக்காதவள்தான், முட்டாள் இல்லை.

"நீ எங்கயும் போகல. சும்மா வேஷம் கட்டி நிக்கிற. அவன் வாயிலருந்து எதையோ எதிர்பாக்குற, அப்படித்தானே?"

"இல்லண்ணி..."

"எரியிற வீட்டுல புடுங்கினது லாபம்னு நிக்கிறியேடி! அவன் பேசுறத எல்லாம் எழுதுற. ஒரு நாளாவது அவன்கிட்ட பேசினியா?"

"நான் பேசாம வேற யாரு பேசுறா? உங்களுக்கு அவர் சொல்றது புரியுமா?" கோபத்தில் வாயைவிட்டுவிட்டாள்.

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. "எனக்குப் புரியாதுதான்" என்றாள். "புரியிற உனக்குத்தான் காது அங்க, மனசு பெட்டியில." துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் செருப்பு வேஷம் நின்றது. அந்த வாரக் கடைசியில் அவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரியும். மூன்று மாடிப் படியில் அவரை நாற்காலியோடு நாலு பேர் இறக்கினார்கள். எட்டுக் கட்டில் போட்ட பொது வார்டு. ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது.

மறுநாள் திங்கட்கிழமை. வார்டு நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "இங்க செய்யிறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லம்மா. ஊசிய நானே வீட்டுக்கு வந்து போட்டுட்டுப் போறேன். சக்கர நாற்காலி தர்றோம். கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. சொந்த எடத்துல இருந்தா நிம்மதியா இருப்பார்."

சீட்டக்கா யோசித்தாள். மூன்று மாடி. நாலு பேரை மறுபடி கெஞ்ச வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சு. "வெள்ளிக்கிழமை தாண்டட்டும் சிஸ்டர், சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சனிக்கிழமை என்பது அவளுக்கு அப்போது பக்கத்து வீடு மாதிரி தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் பார்வையாளர் நேரம். எல்லாக் கட்டிலையும் சுற்றி ஆட்கள், பேச்சு, பிளாஸ்டிக் நாற்காலி இழுக்கிற சத்தம். நாத்தனார் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் இரண்டு நாளாகக் கண்ணையே சரியாகத் திறக்கவில்லை. இவள் அவருடைய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள். அவள் மணிக்கட்டில் ஒரு பிடி இறுகியது.

திரும்பினாள். அவர் கண் நன்றாகத் திறந்திருந்தது. தெளிவான கண். கல்யாணமான புதிதில் கப்பலிலிருந்து வந்து வாசலில் நின்று பார்ப்பாரே, அந்தக் கண்.

"மி லேவா ப்ரா காஸா" என்றார்.

என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அவர் பிடித்திருந்த கை வலது கை. எழுதுகிற கை. அந்தக் கையை அவர் பிடியிலிருந்து உருவினாள். ஒவ்வொரு விரலாக விலக்கித்தான் உருவ முடிந்தது. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். மடிப்பிலிருந்து சீட்டை எடுத்தாள். முழங்காலில் வைத்து எழுதினாள். எண் ஒன்று. டேக். லெவார். வாக்கியம். சொன்னவர்: கணவர். புதன்கிழமை. சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, மூன்று பத்து. பத்தொன்பது வருஷப் பழக்கம், பாவி மகள். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

நிமிர்ந்தபோது அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"எஸ்க்ரெவேவு?" என்றார். எழுதிட்டியா?

"எழுதிட்டேங்க" என்றாள், அவர் மொழியில், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் தலையை லேசாக அசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் சீட்டின் கடைசி வரி அவள் கண்ணில் பட்டது. பதில். அது காலியாக இருந்தது. கூட்டிக்கொண்டு போ என்று மனுஷன் கேட்டதற்குத் தான் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அந்தக் காலி வரியைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. சரி, கண்ணைத் திறக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். போலாம், சனிக்கிழமை போலாம். வேண்டாம், சனிக்கிழமை என்றால் மனசு விட்டுவிடும். நாளைக்கே போலாம். இல்லை, இப்பவே போலாம். கத்திரியம்மாவுக்கு எது பிடிக்கும் என்றுகூட ஓரத்தில் ஒரு யோசனை ஓடியது. அவ்வளவு அழகாக ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு, குனிந்து அவர் காதருகில், "என்னங்க" என்றாள். மூச்சு சத்தமாக வந்துகொண்டிருந்தது. தோளை அசைத்தாள். "என்னங்க, வீட்டுக்குப் போலாங்க." அந்த மொழியில் சொன்னாள், இந்த மொழியில் சொன்னாள். நர்ஸ் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தாள். "இனி அவருக்குக் காது கேக்காதும்மா" என்றாள். மணி மூன்றரைகூட ஆகவில்லை.

நாத்தனார் டீயோடு வந்தாள். "முழிச்சானா? ஏதாவது சொன்னானா?"

"தண்ணி கேட்டார்" என்றாள் சீட்டக்கா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்தது அது.

"ஐயோ தம்பி!" என்று நாத்தனார் டீயைக் கீழே வைத்துவிட்டுத் துணியை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். விடிய விடிய நனைத்துக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நாத்தனார் அதையே சொன்னாள்: "கடைசியா தண்ணி கேட்டான். நான்தான் உதட்டை நனைச்சேன். அந்தக் குறை இல்லாம போனான்." சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் ஆறுதலாகும். சீட்டக்கா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

துக்க வீடு என்று கத்திரியம்மா அச்சை ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்தாள். அந்த அம்மாள் எதையும் நிறுத்தினதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை செருப்புப் பெட்டியோடு சீட்டக்கா போனாள். ஐம்பத்தெட்டுச் சீட்டு. கத்திரியம்மா ஒன்றாம் எண்ணைக் கையில் எடுத்தாள். வாக்கியத்தைப் படித்தாள். நாளையும் நேரத்தையும் படித்தாள். கடைசி வரிக்கு வந்து வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"பதில் எங்க?"

"குடுக்கல மேடம்."

"குடுக்கலன்னா? நேரம் இல்லையா?"

"இருந்தது. எழுதிக்கிட்டு இருந்தேன்."

கத்திரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மேசை மேல் கத்திரி இருந்தது, அதை எடுத்து டிராயருக்குள் போட்டாள். "விடுங்க" என்றாள், இதுவரை யாரிடமும் பேசாத குரலில். "சரின்னு நான் ஒரு வார்த்தை எழுதிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"வேணாம் மேடம்" என்றாள் சீட்டக்கா. "அவர் வீட்டுக்குப் போகத்தான் கேட்டாரா, எனக்கு ஒரு சீட்டு குறையுதேன்னு பாத்துக் குடுத்தாரான்னே எனக்குத் தெரியல. எழுதிட்டியான்னு கேட்டார். அவர் கேட்டதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் மூஞ்சிலயே தெரிஞ்சிருக்கும். பதில்லதான் தெரியும்னு நீங்கதானே சொல்வீங்க. சொல்லாதத எழுதக்கூடாது." சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அகராதியின் அந்தத் தொகுதி அப்படியேதான் வந்தது. டேக் என்ற சொல்லில் ஒன்றாவது அர்த்தத்துக்கு மட்டும் உதாரணம் கிடையாது. மற்ற ஐம்பத்தேழுக்கும் இருக்கிறது. முன்பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது, பின்பக்கத்தில் அவருடையது இருக்கிறது. புத்தகத்தைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தவள் அதற்கப்புறம் அதைத் திறக்கவில்லை.

சீட்டை அவருடைய சவரப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். நாத்தனார் ஒரு நாள் காலையில் அந்தப் பெட்டியைத் துடைக்க எடுத்தாள். சீட்டோடு சமையலறைக்கு வந்தாள். கிழமையும் நேரமும் படிக்கிற அளவுக்கு அவளுக்கு எழுத்து தெரியும்.

"புதன்கிழமைன்னு போட்டிருக்கு. மூணு பத்துன்னு போட்டிருக்கு. நான் டீ வாங்கப் போன நேரம்தானே இது? மேல என்ன எழுதியிருக்கு?"

சீட்டக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"படிடி. தண்ணின்னு எழுதியிருக்கா?"

பொய் சொல்லிவிடலாம். அந்தக் கிழவிக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அந்தத் தண்ணீர். அதையும் பிடுங்கிக்கொள்வதா? இப்படியெல்லாம் அவள் யோசித்தாள். ஆனால் மூன்று மாதமாக மறைத்ததை இனியும் மறைக்க அவளால் முடியவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கிப் படித்தாள், முதலில் அவர் சொன்னபடி. பிறகு நாத்தனாருக்குப் புரிகிறபடி.

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சீட்டக்கா குழாயை மூடினாள். பிறகு, பதில் வரியைப் பற்றியோ கத்திரியம்மாவின் சட்டத்தைப் பற்றியோ ஒன்றும் தெரியாத அந்தப் பெண்பிள்ளை கேட்டாள்:

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

சீட்டக்கா தலை குனிந்தாள். "ஒண்ணும் சொல்லல அண்ணி. எழுதிக்கிட்டு இருந்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. நாத்தனார் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி வெயிலில் தெரிந்தது.

"ரெண்டு தெருதானேடி" என்றாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நானே தூக்கிட்டு வந்திருப்பேனே."